மதியம் இரண்டு மணி

மனிதர்கள் நாளின் எந்த நேரத்தில் சாகிறார்கள் என்று கேட்டால் விடியற்காலை என்பார்கள் சிலர், நடுநிசி என்பார்கள் சிலர். இறப்புப் பதிவுகளை மணிவாரியாகப் பிரித்து வரைந்து பார்த்தால் அப்படியெல்லாம் ஒன்றும் தெரிவதில்லை. டேவிட் ஸ்பீகல்ஹால்டர் என்ற பிரிட்டிஷ் புள்ளியியலாளர் தன் புத்தகத்தில் அப்படியொரு வரைபடம் தருகிறார். மான்செஸ்டருக்குக் கிழக்கே இருக்கும் ஹைட் என்ற சிற்றூர். அங்கிருந்த மற்ற டாக்டர்களின் நோயாளிகளுக்கு ஒரு கோடு. அது இருபத்துநான்கு மணி நேரமும் ஏறக்குறைய மட்டமாகவே போகிறது. ஹெரால்ட் ஷிப்மன் என்ற ஒரே டாக்டரின் நோயாளிகளுக்கு இன்னொரு கோடு. அது மதியம் இரண்டு மணியை ஒட்டிச் செங்குத்தாக எழும்பி நிற்கிறது.

காலையில் கிளினிக், மாலையில் கிளினிக். இடைப்பட்ட மதிய நேரத்தில்தான் அவர் பையை எடுத்துக்கொண்டு வீடுவீடாக நோயாளிகளைப் பார்க்கப் போவார்.

படத்தைப் பார்த்தவருக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. வேண்டிய தகவலெல்லாம் அரசாங்க அலமாரிகளில் வருடக்கணக்காக இருந்தது. எடுத்து வரைந்து பார்க்கத்தான் யாருக்கும் தோன்றவில்லை.

*

ஹைட் பழைய பஞ்சாலை ஊர். ஷிப்மன் 1977இல் அங்கே வந்து டானிபுரூக் என்ற கூட்டு கிளினிக்கில் சேர்ந்தார். 1992இல் பிரிந்துபோய் மார்க்கெட் ஸ்ட்ரீட் 21ஆம் எண்ணில் தனியாகத் தொழில் தொடங்கினார். தாடி, மூக்குக்கண்ணாடி, சற்றே அதிகாரமான பேச்சு. நம்மூராக இருந்தால் கைராசி டாக்டர் என்று பெயர் எடுத்திருப்பார். கூப்பிட்டால் வீட்டுக்கு வருவார். வயதானவர்களோடு உட்கார்ந்து பேசுவார். செலவு அதிகம் என்று மேலிடம் முணுமுணுத்தாலும் விலை உயர்ந்த மருந்தை எழுதித் தருவார். மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் அவரிடம் பதிந்திருந்தார்கள். இடம் கிடைக்காதா என்று காத்திருந்தவர்களும் உண்டு. 1983இல் மனநல நோயாளிகளைப் பற்றிய ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பேட்டி கொடுத்திருக்கிறார். தெளிவாக, நிதானமாகப் பேசுகிறார். சொன்ன கருத்தும் நல்ல கருத்துதான்.

இந்த மக்களை ஏமாளிகள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் செய்த வைத்தியம் அத்தனையும் பாசாங்கு என்று வைத்துக்கொண்டால் கணக்கு சுலபமாகத் தீர்ந்துவிடும். ஆனால் காய்ச்சலோடு போன குழந்தைக்குக் காய்ச்சல் இறங்கியது. மூட்டுவலிக்காரருக்கு வலி குறைந்தது. அவர் போய்வந்த ஆயிரக்கணக்கான வீடுகளில் பெரும்பாலானவற்றில் ஒரு டாக்டர் வந்து போனார், அவ்வளவுதான் நடந்தது. அவர் கொலை செய்த வீட்டிலும் அதே பை, அதே கை, அதே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும் பழக்கம். வித்தியாசம் காட்டும் அடையாளம் ஒன்றும் இல்லை. மக்கள் எதைப் பார்த்து உஷாராகியிருக்க வேண்டும் என்கிறோம்?

*

இறந்தவர்கள் பெரும்பாலும் மூதாட்டிகள், அதிலும் தனியாக இருந்தவர்கள். வீட்டு நாற்காலியிலோ சோபாவிலோ உட்கார்ந்த நிலையில், வெளியே போகிற உடுப்போடு, தூங்குவதுபோல் இருப்பார்கள். நோயாய்ப் படுத்ததற்கான அடையாளம் எதுவும் இருக்காது. காலையில் கடைக்குப் போய்வந்தவராக இருப்பார்.

இப்படிப்பட்ட சாவைப் பார்த்தால் நமக்குப் பொறாமைகூட வரும். கிடையில் விழவில்லை, யாருக்கும் தொந்தரவு தரவில்லை, புண்ணியவதி, பூப்போலப் போய்ச் சேர்ந்தாள் என்போம். எண்பதைத் தாண்டியவர் என்றால் கல்யாணச் சாவு என்று மேளம்கூட வைப்போம். ஹைடில் மேளம் இல்லை. ஆறுதல் அதே ஆறுதல்தான். டாக்டரே பக்கத்தில் நின்று, அம்மா வேதனைப்படாமல் போனார், போஸ்ட்மார்ட்டம் எல்லாம் வேண்டாம் என்று சொல்லும்போது மகன் என்ன கேட்பான்? தலையசைப்பான், நன்றி சொல்வான்.

ஷிப்மன் ஒளிந்துகொள்ள இருட்டு தேவைப்படவில்லை. அந்தத் தலையசைப்பு போதுமாயிருந்தது. வயதானவர் இறந்தால் அதற்குக் காரணம் வயது என்று ஊர் முழுக்க ஒரு பேசாத உடன்பாடு. அவர் அதற்குள்தான் குடியிருந்தார்.

*

அந்த உடன்பாட்டுக்கு வெளியே நின்றவர்கள் யார் என்று பார்க்கிறேன்.

முதலில் ஊரில் இறுதிச்சடங்கு நிறுவனம் நடத்திய குடும்பம். பிரேதத்தை எடுக்கப் போகிறவர்களுக்குச் சாவு நடந்த அறை எப்படி இருக்கும் என்பது தெரியும். கலைந்த படுக்கை, மாத்திரை டப்பாக்கள், வாளி, போர்வை. ஷிப்மனின் நோயாளிகளின் வீட்டில் இவை எதுவும் இல்லை என்பது அவர்கள் கண்ணில் பட்டது. உடுத்திய உடுப்போடு நாற்காலியில் இத்தனை பேரா? அந்தக் குடும்பத்துப் பெரியவர் நேரே டாக்டரிடமே போய்க் கேட்டார். கவலைப்பட ஒன்றுமில்லை, என் பதிவேட்டை யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம் என்று அமைதியாகப் பதில் வந்தது. பெரியவருக்குச் சமாதானமாகிவிட்டது. மகளுக்கு ஆகவில்லை.

அடுத்தவர் ஒரு டாக்ஸி ஓட்டுநர். வயதான பெண்மணிகளைக் கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் கூட்டிப்போவதுதான் அவருக்குப் பிழைப்பு. அவர்கள் வெறும் சவாரிகள் இல்லை. வருடக்கணக்காகப் பேசிப் பழகியவர்கள். ஒவ்வொருவராக அழைப்பு நின்றது. விசாரித்தால் இறந்துவிட்டார் என்பார்கள். யார் டாக்டர் என்று கேட்டால் ஒரே பெயர். அவர் பெயர்களைக் குறித்து வைக்கத் தொடங்கினார். வருடங்கள் ஓடின, பட்டியல் நீண்டது. யாரிடம் சொல்வது? டாக்டர் மீது டாக்ஸிக்காரன் புகார் சொன்னால் யார் நம்புவார்கள்? 1998 ஆகஸ்டில்தான் போலீஸிடம் போனார். அவர் பட்டியலில் இருபதுக்கு மேல் பெயர்கள் இருந்தன.

அவர்கள் இருவருக்கும் மருத்துவம் தெரியாது. அந்த மூதாட்டிகளின் சாதாரண நாள் எப்படி இருக்கும் என்பது தெரியும். போன செவ்வாய்க்கிழமை மூட்டை தூக்கிக்கொண்டு படியேறியவர் இந்த வியாழக்கிழமை வயதினால் இறந்தார் என்றால் அவர்களுக்கு மட்டும் உறுத்தியது. படித்தவர்கள் சான்றிதழில் எழுதிய காரணத்தைப் படித்தார்கள்.

*

கையெழுத்துகளைப் பற்றி.

அன்றைய இங்கிலாந்தில் ஒரு உடலை எரிப்பதற்கு இரண்டு டாக்டர்கள் கையெழுத்திட வேண்டும். முதல் படிவம் வைத்தியம் பார்த்தவருடையது. இரண்டாவது, வேறு கிளினிக்கைச் சேர்ந்த ஒருவர் உடலைப் பார்த்து, முதல் டாக்டரிடம் பேசி, சரிதான் என்று எழுதித் தருவது. குடும்பத்தாரையோ கூட இருந்தவர்களையோ விசாரித்தீர்களா என்று அந்தப் படிவத்திலேயே கேள்விகள் உண்டு. இல்லை என்று எழுதினாலும் படிவம் செல்லும்! இதற்குக் கட்டணமும் உண்டு. டாக்டர்களுக்குள் அதற்கு ‘சாம்பல் காசு’ என்று ஒரு பேச்சுவழக்கு. சக டாக்டரின் வார்த்தையைச் சந்தேகித்து யார் முகத்தைச் சுளிக்க வைப்பார்கள்? படிவங்கள் நிரம்பின, உலைகள் எரிந்தன.

ஷிப்மனின் கிளினிக்குக்கு எதிரே இருந்த புரூக் கிளினிக் டாக்டர்கள்தான் அவருக்காக அந்த இரண்டாவது கையெழுத்தைப் போட்டுவந்தவர்கள். அவர்களோடு புதிதாகச் சேர்ந்திருந்த டாக்டர் லிண்டா ரெனால்ட்ஸ், இறுதிச்சடங்குக் குடும்பத்து மகள் சொன்னதைக் காதில் வாங்கினார். மூன்று மாதக் கணக்கை எடுத்தார். தங்கள் கிளினிக்கில் சுமார் 9,500 நோயாளிகள், 14 இறப்பு. எதிர்க்கடையில் அதில் மூன்றில் ஒரு பங்கு நோயாளிகள், 16 இறப்பு. 1998 மார்ச்சில் அவர் அந்த வட்டாரத்து மரண விசாரணை அதிகாரி ஜான் பொலார்டிடம் இதைக் கொண்டுபோனார். தவறாக இருந்தால் ஒரு நல்ல டாக்டரின் பெயரைக் கெடுத்த பழி தன்மேல் விழும் என்று தெரிந்தே போனார்.

போலீஸ் விசாரித்தது. ரகசியமாக, மென்மையாக, அந்த டாக்டரின் மனம் நோகாமல். அவர்மேல் பழைய குற்றப் பதிவு உண்டா என்றுகூடப் பார்க்கவில்லை. ஏப்ரல் 17 அன்று ஆதாரமில்லை என்று கோப்பை மூடினார்கள். அதற்குப் பிறகு மூன்று பெண்கள் கொல்லப்பட்டார்கள்.

ரெனால்ட்ஸ் 2000இல் புற்றுநோயால் இறந்தார்.

*

பழைய குற்றப் பதிவு இருந்தது. 1974இல் யார்க்‌ஷயரில் டாட்மர்டன் என்ற ஊரில் ஷிப்மன் இளம் டாக்டராக இருந்தபோது நோயாளிகளின் பெயரில் மருந்துச்சீட்டு எழுதி, பெத்திடின் என்ற வலிநிவாரணி ஊசியைத் தானே போட்டுக்கொண்டிருந்தார். சக டாக்டர்கள் கண்டுபிடித்தார்கள். 1976இல் நீதிமன்றம் 600 பவுண்டு அபராதம் விதித்தது. மருத்துவக் கவுன்சில் ஓர் எச்சரிக்கைக் கடிதத்தோடு விட்டுவிட்டது. போதைக்கு அடிமையாகி மீண்டவருக்கு இன்னொரு வாய்ப்புத் தரக் கூடாதா என்றால், தரவேண்டும் என்றுதான் நானும் சொல்வேன். தந்த பிறகு அவர் கையில் எவ்வளவு மருந்து போகிறது என்று ஒருவரும் கவனிக்கவில்லை, அதுதான் உதைக்கிறது. புற்றுநோயால் இறந்தவர்களின் வீட்டில் மிஞ்சிய டையமார்ஃபின் என்ற வலுவான மார்ஃபின் வகைக் குப்பிகளை அவரே எடுத்துப்போனார். தேவையே இல்லாதவர் பெயரிலும் சீட்டு எழுதி வாங்கினார்.

*

கடைசியில் அவரைப் பிடித்துக் கொடுத்தது ஓர் உயில்.

கேத்லீன் கிரண்டி, 81 வயது, ஹைடின் முன்னாள் மேயரின் மனைவி. சுறுசுறுப்பான பெண்மணி, முதியோருக்கான சேவை அமைப்பில் மதிய உணவு பரிமாற வருவார். 1998 ஜூன் 24 அன்று வரவில்லை. வீட்டில் போய்ப் பார்த்தால் சோபாவில், உடுத்திய உடுப்போடு. காலையில் டாக்டர் ரத்தம் எடுக்க வருவதாக இருந்தது. சான்றிதழில் இறப்புக்குக் காரணம்: முதுமை.

இதற்கிடையில் ஒரு வக்கீல் அலுவலகத்துக்கு உயில் ஒன்று வந்து சேர்ந்திருந்தது. சொத்து முழுக்க, சுமார் 3,86,000 பவுண்டு, டாக்டருக்கு. மகளுக்கு ஒன்றும் இல்லை. மகளே ஒரு வக்கீல். அம்மாவின் உண்மையான உயில் வருடக்கணக்காக அவரிடமே இருந்தது. வந்த உயிலோ டைப்ரைட்டரில் தாறுமாறாக அடித்தது. கணக்குவழக்கில் கறாரான தன் அம்மா இப்படி ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போடமாட்டாள் என்று மகளுக்குத் தெரியும். இங்கேயும் பாருங்கள், துப்பு துலக்கியது தடயவியல் அறிவு இல்லை. அம்மா எப்படிப்பட்டவள் என்பதை அறிந்த அறிவு.

உடலை எரிக்கவேண்டும் என்று அந்த உயில் கேட்டுக்கொண்டது. அது மகளின் கைக்குக் கிடைப்பதற்குள் அடக்கம் முடிந்திருந்தது. ஆகஸ்ட் 1 அன்று தோண்டி எடுத்தார்கள். திசுவில் மார்ஃபின் இருந்தது. டைப்ரைட்டர் ஷிப்மனின் கிளினிக்கில் கிடைத்தது. அந்த அம்மாள் அவ்வப்போது இரவல் வாங்கிப்போவார் என்றார் டாக்டர்.

அவருடைய கம்ப்யூட்டரையும் எடுத்துப்போனார்கள். இறந்தவர்களுக்கு இதயக்கோளாறு, நெஞ்சுவலி என்று பழைய தேதிகள் போட்டுக் குறிப்புகள் எழுதியிருந்தார். குறிப்பில் போட்ட தேதி ஒன்று என்றால், எழுதப்பட்ட உண்மையான நாளையும் நேரத்தையும் இயந்திரம் தன் வயிற்றுக்குள் தனியாகக் குறித்து வைத்திருந்தது. அது அவருக்குத் தெரியாது. விசாரணை அறையில் இதைக் காட்டியபோது அவரிடம் பதில் இல்லை.

செப்டம்பர் 7 அன்று கைது. அதன்பிறகும், எங்கள் டாக்டரா, இருக்கவே இருக்காது என்றவர்கள் ஊரில் நிறைய இருந்தார்கள். 2000 ஜனவரி 31 அன்று பிரெஸ்டன் நீதிமன்றத்தில் 15 கொலைகளுக்கும் உயில் மோசடிக்கும் தண்டனை.

*

ஏன் செய்தார்?

பதினேழு வயதில் அம்மாவைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். டாக்டர் வந்து மார்ஃபின் போட்டதும் அம்மாவின் முகம் தளர்வதை அந்தப் பையன் பார்த்திருக்கிறான். இதை வைத்து எத்தனையோ பேர் எத்தனையோ எழுதிவிட்டார்கள். எனக்கு அதில் கை வைக்கப் பிடிக்கவில்லை. அம்மாவை அப்படிப் பார்த்த பிள்ளைகள் உலகெங்கும் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள்.

போலீஸ் விசாரணையின் படப்பதிவு இருக்கிறது. இறந்தவர்களின் புகைப்படத்தை அதிகாரி நீட்டுகிறார். ஷிப்மன் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. 2004 ஜனவரி 13 அன்று வேக்ஃபீல்ட் சிறையில் தற்கொலை செய்துகொண்டார். சுவரில் என்ன கண்டார் என்று நான் யோசிப்பதை விட்டுவிட்டேன். அந்த மேஜைமேல் இருந்த புகைப்படங்கள்தான் நமக்கு வேண்டியவை.

*

அந்தப் புகைப்படங்களுக்காக ஒரு பெண் நீதிபதி அரசு விசாரணை ஒன்றில் ஆண்டுக்கணக்காக உட்கார்ந்தார். டேம் ஜேனட் ஸ்மித். தண்டனை 15 கொலைகளுக்குத்தான். மற்ற குடும்பங்கள், எங்கள் அம்மா எப்படி இறந்தார் என்று கேட்டு நின்றன. ஒவ்வொரு சாவையும் தனித்தனியாக எடுத்தார். நாட்குறிப்புகள், தொலைபேசிக் கட்டணச் சீட்டுகள், பக்கத்து வீட்டுக்காரரின் ஞாபகம், எத்தனை மணிக்குக் கதவு திறந்தது, தேநீர்க் கோப்பை எங்கே இருந்தது. 494 சாவுகளுக்குத் தனித்தனியாகத் தீர்ப்பு எழுதினார். 2002 ஜூலையில் வந்த முதல் அறிக்கை 215 பேர் கொல்லப்பட்டார்கள் என்றது. 171 பெண்கள், 44 ஆண்கள், மூத்தவருக்கு 93 வயது, இளையவருக்கு 41. மேலும் 45 சாவுகளில் வலுவான சந்தேகம். 2005இல் வந்த கடைசி அறிக்கை, இளம் வயதில் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த காலத்தையும் சேர்த்து, மொத்தம் 250 பேர்வரை இருக்கலாம் என்றது.

எனக்கு ஏனோ இந்த எண்களைவிட அந்த வேலைமுறை மனதில் தங்குகிறது. உயிரோடு இருந்தபோது எந்தச் சான்றிதழும் விசாரிக்காத அந்தச் சாதாரண நாள்களை ஓர் அரசு விசாரணை பின்னால் போய்ப் பொறுமையாகத் திரும்பக் கட்டியது. அன்று என்ன சமைத்தார், யாருக்குப் போன் செய்தார், அடுத்த வாரத்துக்கு என்ன திட்டம் வைத்திருந்தார்.

38 சாவுகளில் எதுவும் சொல்லமுடியாத அளவுக்குத் தகவல் குறைவு என்று எழுதினார் ஸ்மித். அந்த 38 குடும்பங்களுக்கு ஆம் என்ற பதிலும் இல்லை, இல்லை என்ற பதிலும் இல்லை.

*

பிறகு எல்லோரும் எண்களை நாடினார்கள். இறப்புக் கணக்கைத் தொடர்ந்து கண்காணித்திருந்தால் 1984 வாக்கிலேயே ஷிப்மன் சிக்கியிருப்பார் என்று ஸ்பீகல்ஹால்டரும் அவர் சகாக்களும் கணக்கிட்டுக் காட்டினார்கள். நூற்றைம்பதுக்கு மேற்பட்ட உயிர்கள் தப்பியிருக்கும்.

அதே முறையை மற்ற டாக்டர்களின் கணக்கின்மேல் ஓட்டிப் பார்த்தபோது ஷிப்மனையே மிஞ்சும் இறப்பு எண்ணிக்கையோடு ஒருவர் வந்து நின்றார். பதறிப்போய் விசாரித்தார்கள். தென்கடற்கரை ஊர் ஒன்றில் ஓய்வுபெற்ற முதியவர்கள் நிறைந்த பகுதியில் வேலை பார்க்கும் மனசாட்சியுள்ள டாக்டர் அவர். ஆஸ்பத்திரியில் குழாய்களோடு சாகவேண்டாம், என் வீட்டில் என் கட்டிலில் சாகவேண்டும் என்று விரும்பிய நோயாளிகளுக்கு அந்த வசதியைச் செய்து கொடுத்துவந்தார். அதனால் அவர் கணக்கில் இறப்பு கூடியது.

இறப்புக் கணக்கில் இரண்டு பேருக்கும் ஒரே மாதிரியான கோடு. இந்த இடத்தில் நான் வெகுநேரம் நின்றுவிட்டேன்.

இன்னொரு விளைவும் உண்டு. ஷிப்மனுக்குப் பிறகு பல குடும்ப டாக்டர்கள் தங்கள் பையில் டையமார்ஃபின் வைப்பதையே விட்டார்கள். சாகக் கிடப்பவரின் வலிக்கு ஊசி போடக் கை தயங்கியது. அந்தத் தயக்கத்தால் எந்தெந்த வீட்டில் யார் யார் இரவு முழுக்க முனகினார்கள் என்பதற்குப் பட்டியல் கிடையாது.

*

2024 செப்டம்பர் 9 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் முறை மாறியிருக்கிறது. மரண விசாரணை அதிகாரியிடம் போகாத ஒவ்வொரு சாவையும், வைத்தியத்தில் சம்பந்தப்படாத ஒரு மருத்துவப் பரிசோதகர் பார்த்த பிறகே சான்றிதழ் பதிவாகும். இப்படி ஒரு ஆள் வேண்டும் என்ற பேச்சு ஸ்மித் விசாரணையிலிருந்தே நடந்துவந்தது. இருபது வருடம் ஆனது. எரிப்பதற்கான அந்த டாக்டர் படிவங்களும் இதற்குள் ஒழிந்துவிட்டன. சாம்பல் காசும் ஒழிந்தது.

பரிசோதகரின் அலுவலகத்திலிருந்து இறந்தவரின் வீட்டுக்குப் போன் வரும். பெரும்பாலும் ஒரு ஊழியர்தான் பேசுவார். சான்றிதழில் எழுதியிருக்கும் காரணம் என்னவென்று விளக்குவார். பிறகு, அவர் இறந்ததைப் பற்றியோ கிடைத்த வைத்தியத்தைப் பற்றியோ உங்களுக்கு ஏதாவது கேட்க வேண்டுமா என்பார். நிறையப் பேர் ஒன்றும் இல்லை, நன்றி என்று சொல்லிவிடுவார்களாக இருக்கும். முந்தின நாள் அம்மா கடைக்குப் போய்வந்தாளே என்று தயங்கித் தயங்கிச் சொல்கிறவர் சொல்வதை எழுதிக்கொள்ள இப்போது மறுமுனையில் ஒருவர் இருக்கிறார்.